பள்ளிக்கூடத்தில் ஃபைஃப்–டிரம் குழு: பெயர் சேர்ப்பதிலிருந்து முதல் ஊர்வலம் வரை

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துக்குக் குடிவந்த முதல் கோடையில், ஜூலை மாதம் மூன்றாவது சனிக்கிழமை, டீப் ரிவர் என்கிற சின்ன ஊரில், ஃபைஃப் என்ற சின்னக் குழலும் டிரம்மும் வாசித்துக்கொண்டு போகும் ஊர்வலத்துக்குப் போனோம். 1953 முதல் நடந்துவருகிறது. மெயின் ஸ்ட்ரீட்டின் இரண்டு பக்கமும் மடக்கு நாற்காலி போட்டுச் சனம் உட்கார்ந்திருக்க, ஒவ்வொரு ஊர்க் குழுவாக வந்துகொண்டே இருந்தது. முன்னால் குழல், அதற்குப் பின்னால் கயிறு கட்டிய டிரம், கடைசியில் பேஸ் டிரம். நாதஸ்வரமும் தவிலும் வீதியில் போவதைக் கேட்டு வளர்ந்த எனக்கு அது அந்நியமாகவே படவில்லை. திறந்த வெளியில் தெருக்கோடி வரை கேட்கவேண்டும் என்றே செய்த வாத்தியங்கள் இரண்டு இடத்திலும். அப்போது மூன்றாம் வகுப்பில் இருந்த என் மகள், "அம்மா, இது ஏன் நம்ம ஸ்கூல்ல இல்ல?" என்று கேட்டாள்.

இப்போது இருக்கிறது. மகள் படித்த பப்ளிக் ஸ்கூலில் இது நான்காவது வருடம், 22 பிள்ளைகள். அமெரிக்காவில் பிள்ளைகளைப் பப்ளிக் ஸ்கூலில் படிக்கவைக்கும் நம்மவர்கள் யாராவது, அல்லது அங்கே வேலை பார்க்கும் ஆசிரியர்கள் யாராவது, இதைத் தொடங்க நினைத்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: சட்டை, முக்கோணத் தொப்பி, நல்ல டிரம் எல்லாம் சேரட்டும், அப்புறம் தொடங்கலாம் என்று காத்திருக்காதீர்கள். பத்துப் பிள்ளைகள், ஒரு ஆசிரியர், ஒரு அறை, இது இருந்தால் போதும். மற்றதெல்லாம் பிள்ளைகள் வாசிக்க ஆரம்பித்த பிறகு தானாக வந்து சேரும். வாசிக்காத குழுவுக்கு யாரும் பணம் தரமாட்டார்கள்.

ஃபைஃப் என்பது கைக்கு அடக்கமான, ஆறு துளை உள்ள, பக்கவாட்டில் பிடித்து ஊதுகிற மரக்குழல். பியானோவோ வயலினோ மாதிரி சாந்தமான வாத்தியம் இல்லை, உச்சஸ்தாயியில் கூர்மையாகக் கத்தும். காரணம், இது போர்க்களத்தில் பிறந்தது. சுவிட்சர்லாந்துக் கூலிப்படையினர் இதை ஐரோப்பா முழுக்கக் கொண்டுபோனார்கள், அங்கிருந்து அமெரிக்கக் காலனிகளுக்கு வந்தது. எழுந்திரு, கூடு, சாப்பிட வா, நட, நில், விளக்கை அணை என்று ராணுவ முகாமின் ஒரு நாள் முழுவதையும் டிரம்மும் ஃபைஃபும்தான் நடத்தின. 1777 ஜூனில் ஜார்ஜ் வாஷிங்டன், படையின் இசை பொதுவாகவே மிக மோசமாக இருக்கிறது, வாத்தியக்காரர்களின் தலைவர்களான டிரம் மேஜர்களும் ஃபைஃப் மேஜர்களும் அதைச் சரிசெய்யாவிட்டால் பதவி இறக்கிக் கூடுதல் சம்பளத்தையும் பிடித்துவிடுவேன் என்று உத்தரவே போட்டார். முதல் வருடத்தில் பிள்ளைகள் சோர்ந்துபோகிற நாளில் இந்தக் கதையைச் சொல்லுங்கள், நன்றாக வேலை செய்யும்.

கனெக்டிகட்டில் இது ராணுவத்தோடு முடியவில்லை, ஊர்க்காரர்களின் கையில் தங்கிவிட்டது. மூடஸ் ஊர்க் குழு 1860-இல் தொடங்கியது, செஸ்டர் ஊர்க் குழு 1868-இல். ஐவரிட்டன் ஊரில் ஃபைஃபுக்கும் டிரம்முக்குமென்றே ஒரு மியூசியம் இருக்கிறது, 1965-இல் உருவான ஃபைஃபர்கள், டிரம்மர்கள் சங்கம் அதை நடத்துகிறது. அப்படிப்பட்ட பழைய குழு ஒன்று உங்கள் பக்கத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இந்த மாநிலத்துக்கு வெளியே இருந்தாலும் தேடிப் பாருங்கள். மாசசூசெட்ஸ், நியூயார்க், வர்ஜீனியா என்று பல இடங்களில் குழுக்கள் உண்டு.

சரி, யாரிடம் முதலில் பேசுவது? நான் நேராகப் பிரின்சிபலிடம் போனேன், அது தப்பு. அவர் சிரித்த முகத்தோடு கேட்டுவிட்டு மியூசிக் டீச்சரிடம் பேசச் சொன்னார், மியூசிக் டீச்சருக்கோ, தன்னைத் தாண்டி மேலே போய்விட்டு வந்திருக்கிறாளே என்ற வருத்தம், அதைச் சரிசெய்யவே இரண்டு மாதம் ஆயிற்று. மியூசிக் டீச்சரிடம்தான் முதலில் போகவேண்டும். தன்னுடைய பள்ளி பேண்டு வாத்தியக் குழுவிலிருந்து பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போகப்போகிறோமோ என்ற பயம் அவருக்கு நியாயமாகவே இருக்கும். அந்தப் பயத்தை நாமே எடுத்துப் பேசிவிட வேண்டும்: பேண்டு நேரத்தில் கைவைக்க மாட்டோம், பள்ளி விட்ட பிறகு வாரத்துக்கு இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் மட்டும். உண்மையில் பேண்டுக்கும் இதனால் லாபம்தான், டிரம்மில் ஒரு வருடம் உருண்ட பிள்ளை பேண்டில் தாளம் தப்பாது.

எங்கள் ஊரில் தன்னார்வலராக வரும் பெரியவர்கள் எல்லோருக்கும் பின்னணிச் சரிபார்ப்பு உண்டு, வேறு ஊர்களிலும் பெரும்பாலும் இருக்கும். அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும், ஆகையால் கோடையிலேயே படிவத்தைக் கொடுத்துவிடுங்கள். பள்ளி விட்ட பிறகும் தங்குகிற பிள்ளைகளை வீட்டில் விடும் லேட் பஸ் மாலையில் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அது இல்லையென்றால் கார் வைத்திருக்கும் பெற்றோரின் பிள்ளைகள் மட்டும்தான் வருவார்கள், பப்ளிக் ஸ்கூலில் செய்வதன் அர்த்தமே போய்விடும். எங்களுக்கு முதல் வருடம் லேட் பஸ் இல்லை, மூன்று வீட்டுக்காரர்கள் முறைவைத்து ஆறு பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டோம்.

பிள்ளைகளைச் சேர்க்க நோட்டீஸ் போதாது. ஃபைஃப் என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளை ஏன் பெயர் கொடுக்கவேண்டும்? மே மாதம், போரில் இறந்த வீரர்களை நினைவுகூரும் மெமோரியல் டே ஊர்வலம் மனதில் இருக்கும்போதே, ஒரு குழுவைக் கூப்பிட்டுப் பள்ளி ஜிம்மில் இருபது நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள். பேச்செல்லாம் இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். எங்களுக்கு வந்தது எட்டே பேர், அதில் ஒருவர் எழுபது வயதுக்காரர், இன்னொருத்தி பன்னிரண்டு வயதுப் பெண். பிள்ளைகள் எழுபது வயதுக்காரரைப் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அன்று 31 பேர் பெயர் கொடுத்தார்கள், செப்டம்பரில் 14 பேர் வந்தார்கள். அதுவே தாராளம்.

நான்காம், ஐந்தாம் வகுப்புதான் சரியான வயது. அதற்குக் கீழே விரல் ஆறு துளைக்கும் எட்டாது, டிரம்மும் முழங்காலில் இடிக்கும். வர்ஜீனியாவில், காலனிக் கால ஊரை அப்படியே காட்டும் கலோனியல் வில்லியம்ஸ்பர்க்கில் 1958-இல் தொடங்கிய குழுவில்கூடப் பத்து வயதில்தான் சேர்க்கிறார்கள், பதினெட்டு வரை இருக்கலாம்.

இனி வாத்தியம். இதில்தான் நான் காசைக் கரைத்தேன், நீங்கள் கரைக்க வேண்டாம். பொதுவாகக் குழுக்கள் வாசிப்பது பி-ஃப்ளாட் ஃபைஃப். ஆறு துளையையும் மூடி ஊதினால் வருவது பி-ஃப்ளாட் என்ற மேற்கத்திய ஸ்வரம், ஆனால் இசைத்தாளில் அதை டி என்ற வேறு ஸ்வரமாக எழுதுவார்கள். இது தெரியாமல் பியானோவோடு சேர்த்து வாசிக்கச் சொன்னால் மியூசிக் டீச்சருக்கே தலை சுற்றும். பள்ளிக்கூட சாமான் விற்கிற கேடலாக்குகளில் கிடைக்கும் மலிவான பிளாஸ்டிக் ஃபைஃப் பெரும்பாலும் சி சுதியில் இருக்கும், விரல் வைக்கிற முறையும் ரெக்கார்டர் மாதிரி. ஊதிப் பழக அது போதும், ஆனால் குழுவில் சேர்த்து வாசிக்க முடியாது. நான் ஆன்லைனில் ஒரு கடையில் 12 மரக் ஃபைஃப் வாங்கினேன், பார்க்க அழகாக இருந்தது, ஒன்றோடு ஒன்று சுதி சேரவில்லை. அவற்றை அலமாரியில் வைத்துவிட்டு பி-ஃப்ளாட் சுதியில், ஆறு துளை உள்ள பிளாஸ்டிக் ஃபைஃப்களை எல்லோருக்கும் ஒரே இடத்தில் வாங்கினோம். எல்லாம் ஒரே மாடலாக இருக்கவேண்டும், அதுதான் முக்கியம். கருங்காலி போலக் கறுத்த கிரெனடில்லா மரத்தில் செய்த நல்ல குழல்களை இரண்டாம் வருடம் யோசிக்கலாம். மரக்குழலை குளிர்காலத்தில் காரில் விட்டுவிட்டால் வெடித்துவிடும், வாசித்ததும் உள்ளே துடைக்க வேண்டும், அவ்வப்போது எண்ணெய் தடவ வேண்டும். பத்து வயதுப் பிள்ளையிடம் இத்தனையும் எதிர்பார்ப்பது கஷ்டம்.

டிரம் வாங்கவே வாங்காதீர்கள், முதல் அரை வருடம். ரப்பர் ஒட்டிய பிராக்டிஸ் பேடும், கனமான குச்சி ஒரு ஜோடியும் ஆளுக்கு ஒன்று. கயிறு கட்டி இறுக்கும் புது ரோப் டிரம் ஒன்றின் விலை ஆயிரம் டாலரைத் தொடும், தாண்டவும் செய்யும். பழைய குழுக்களின் கிடங்கில் வாசிப்பாரில்லாத டிரம் எப்போதும் நாலைந்து கிடக்கும். வாய்விட்டுக் கேட்டால் இரவலாகத் தருவார்கள். எங்களுக்கு, இரண்டு குச்சியால் அடிக்கும் ஐந்து ஸ்னேர் டிரம்மும் ஒரு பேஸ் டிரம்மும் அப்படி வந்தன. ரோப் டிரம்மைப் பார்த்ததும் எனக்குத் தவிலின் வார்தான் ஞாபகம் வந்தது. கயிறு மேலும் கீழுமாக ஓடும், அதில் தோலாலான சின்னச் சின்னப் பட்டைகள் கோத்திருக்கும், இங்கே அதைக் காது என்பார்கள். காதைக் கீழே இழுத்தால் கயிறு இறுகிச் சத்தம் ஏறும், மேலே தள்ளினால் தளரும். வாசித்து முடித்ததும் தளர்த்திவிட வேண்டும், இல்லையென்றால் நாளடைவில் வளையமும் சட்டமும் கோணிப்போகும். எங்கள் பிள்ளைகள் பத்துக் காதையும் சுற்றிச் சுற்றி, எதிரெதிராக ஒவ்வொன்றாக, இரண்டு கையாலும் பிடித்து இழுப்பார்கள். எல்லாவற்றையும் ஒரே பக்கமாக இழுத்தால் டிரம் சாய்ந்துவிடும். ஒரு பெண் இழுத்துவிட்டு ஒருமுறை தட்டுவாள், காதை வைத்துக் கேட்பாள், திரும்ப ஒரு இழு இழுப்பாள். அந்தப் பத்து நிமிடத்தில் டிரம் அவளுடையதாகிவிடுகிறது. ஆகவே இதைப் பெரியவர்கள் செய்துகொடுக்காதீர்கள். தோல் போர்த்த டிரம் மழையில் தொய்ந்துபோகும், பள்ளிக்குப் பிளாஸ்டிக் போர்த்ததே நல்லது.

ஃபைஃப் கற்றுக்கொடுக்கும்போது முதல் மூன்று வாரம் பொறுமை வேண்டும், காற்றுச் சத்தம்தான் வரும். முதலில் குழலைக் கொடுக்காமல் காலி சோடா பாட்டிலைக் கொடுங்கள். கீழ் உதட்டை விளிம்பில் வைத்து எதிர் விளிம்பில் மோதுகிற மாதிரி ஊதச் சொல்லுங்கள். பாட்டில் கூவ ஆரம்பித்ததும் அதே உதட்டைக் குழலுக்கு மாற்றலாம். தலை சுற்றினால் உட்காரவேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், பிள்ளைகள் வீம்புக்கு ஊதுவார்கள். எங்களிடம் ஒரு பையன் நவம்பர் வரை ஒரு சத்தமும் இல்லாமல் விரலை மட்டும் அசைத்துக்கொண்டு வரிசையில் நின்றான். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை குழலை அரை விரல்கடை வெளிப்பக்கம் உருட்டி வைத்துப் பார்க்கச் சொன்னேன், பளீரென்று பி ஸ்வரம் வந்தது. அவனே பயந்து குழலை இறக்கிவிட்டான். அவன்தான் இன்று முதல் வரிசை.

ஒரு விரல் மூடினால் பி, இரண்டு விரல் ஏ, மூன்று விரல் ஜி. இந்த மூன்று ஸ்வரத்தோடு ஒரு மாதம் ஓட்டலாம். அப்புறம் கீழே இறங்கி ஆறு விரலும் மூடிய டி வரை. பிறகு அதே விரல்களோடு உதட்டைக் குறுக்கி வேகமாக ஊதினால் மேல்ஸ்தாயி வரும், ஃபைஃபின் உயிரே அங்கேதான் இருக்கிறது, கீழ்ஸ்தாயி தெருவில் கேட்காது. முதல் பாட்டு, இங்கே எல்லோருக்கும் தெரிந்த யாங்கீ டூடுல் என்ற பழைய அமெரிக்கப் பாட்டுதான். காதில் ஏற்கெனவே இருக்கிற மெட்டு, அதனால் விரல் தப்பினால் பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

டிரம் பக்கத்தில் ரூடிமென்ட் எனப்படும் அடிப்படைப் பாடங்கள். 1933-இல் அமெரிக்க டிரம்மர்கள் கூடி இன்றியமையாதவை என்று 13-ஐ வகுத்தார்கள், பிறகு அது 26 ஆயிற்று. முதல் வருடத்துக்கு ஐந்து போதும்: நீள ரோல், ஐந்தடி ரோல், ஏழடி ரோல், பெரிய அடிக்குச் சற்று முன்னால் மெல்லிய அடி ஒன்று விழும் ஃப்ளாம், பாரடிடில். நீள ரோலுக்குப் பழைய வாத்தியார்கள் வைத்த பெயர் டாடி–மம்மி. ஒரு கையில் இரண்டு அடி, மறு கையில் இரண்டு அடி, வாயால் டா-டி மா-மி என்று சொல்லிக்கொண்டே அடிக்க வேண்டும். மெதுவாக ஆரம்பித்து, வேகம் ஏறி, மறுபடி மெதுவாக இறங்கவேண்டும். பாரடிடில் என்ற சொல்லே அடியைத்தான் சொல்கிறது: வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது. நம்முடைய சொற்கட்டு தெரிந்தவர்களுக்கு இது புதிதே இல்லை. வாயில் வராதது கையில் வராது என்று மிருதங்க வாத்தியார்கள் சொல்வது இங்கேயும் அப்படியே பொருந்துகிறது. மும்மூன்றாகப் போகும் ஆறு-எட்டு நடை பிடிபடாமல் தவித்த இரண்டு பிள்ளைகளுக்கு நான் தகிட தகிட சொல்லிக் கொடுத்தேன், பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டார்கள், இப்போது குழுவில் எல்லோருமே தகிட சொல்கிறார்கள்.

பிள்ளைகளின் காது விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஃபைஃபும் டிரம்மும் திறந்தவெளிக்குச் செய்தவை, டைல்ஸ் போட்ட வகுப்பறைக்குள் வாசித்தால் தாங்காது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் அளவுப்படி 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம் வரை கேட்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும், 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். எங்கள் பையில் காதடைப்பான் டப்பா ஒன்று எப்போதும் இருக்கும், டிரம் கையில் எடுக்கும் பிள்ளை அதைப் போட்டுக்கொண்டுதான் வரிசையில் நிற்கவேண்டும். குழலும் டிரம்மும் தனித்தனி அறையில் பழகட்டும், கடைசி இருபது நிமிடம் ஜிம்மில் அல்லது பார்க்கிங் இடத்தில் ஒன்றுசேரட்டும்.

நடை தனி வித்தை. வாசிக்கத் தெரிந்த பிள்ளை நடந்தவுடன் எல்லாவற்றையும் மறந்துவிடும். பிப்ரவரியில் வாத்தியம் இல்லாமல் நடக்க மட்டும் விடுங்கள், இடது கால் முதலில், ஒருவர் டிரம்மில் ஒற்றை அடி மட்டும் போடட்டும். அப்புறம் வாயால் பாடிக்கொண்டே நடப்பது. மூன்றாவதாகத்தான் வாத்தியத்தோடு. கனெக்டிகட்டின் பழைய பாணியில் வேகம் குறைவு, நிமிடத்துக்கு நூறு, நூற்றுப்பத்து அடிதான், இன்றைய ராணுவ நடை 120. சின்னக் கால்களுக்கு மெதுவான நடையே நல்லது, சத்தத்துக்கும் ஒரு கனம் வரும்.

உடைக்கு முதல் வருடம் வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேண்ட், ஒரே நிறத்தில் தொப்பி போதும். வரலாற்று உடை வரும்போது ஒரு சேதி சொல்லுங்கள்: அந்தக் காலத்தில் வாத்தியக்காரரின் கோட்டு மற்ற வீரர்களின் கோட்டுக்கு நிறம் மாறி இருக்கும், நீலத்தில் சிவப்பு கரை வைத்த படையில் இவருக்குச் சிவப்பில் நீலக் கரை, புகைக்கு நடுவே தளபதி தேடினால் சட்டென்று கண்ணில் படவேண்டும் என்பதற்காக. துப்பாக்கி, வாள், மாதிரி ஆயுதம்கூட, எதுவும் வேண்டாம். சில பெரியவர்கள் குழுக்களில் மஸ்கட் என்ற பழைய காலத் துப்பாக்கி சுடுவார்கள், பள்ளியில் அதற்கு இடமே இல்லை.

இன்னொன்றையும் மனம்விட்டுச் சொல்கிறேன். எங்கள் பள்ளியில் பாதிக்கு மேல் வேற்று நாட்டிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள், கறுப்பினப் பிள்ளைகள். அமெரிக்கா சுதந்திரம் அறிவித்த 1776-இன் வரலாறு தங்களுடையது இல்லை என்று சிலர் ஒதுங்கினார்கள். ஆனால் பார்சிலை லூ என்ற கறுப்பின ஃபைஃபர் மாசசூசெட்ஸ் படையில் சேர்ந்து, அந்தச் சுதந்திரப் போரின் பங்கர் ஹில் சண்டையில் நின்றவர். மிசிசிப்பி மலைநாட்டில் கறுப்பினக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இதை வேறு ஒரு வாத்தியம்போல வாசிக்கிறார்கள். 2003-இல் இறந்த ஓத்தா டர்னர், நாணல் தண்டை வெட்டிப் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளை போட்டுத் தன் ஃபைஃபைத் தானே செய்துகொண்டவர். நம் ஊரில் மூங்கில் புல்லாங்குழல் செய்கிறவர் கையிலும் அதே காய்ச்சிய கம்பிதான். ஓத்தா டர்னரின் பேத்தி ஷார்டே தாமஸ் அதே இசையைத் தொடர்கிறார். இந்த இரண்டு கதையையும் முதல் மாதத்திலேயே சொல்லி, மிசிசிப்பிப் பதிவுகளைக் கேட்கவும் வையுங்கள். வாசித்தது யார் யார் என்று தெரிந்த பிறகு ஒதுங்கி நின்ற பிள்ளைகள் தானாகவே பக்கத்தில் வந்து நிற்பார்கள்.

டிசம்பரில் கேஃபடேரியாவில் நின்ற இடத்திலேயே இரண்டு பாட்டு, மே கடைசித் திங்கட்கிழமை மெமோரியல் டே ஊர்வலத்தில் மூன்று பாட்டு, முதல் வருடத்துக்கு இவ்வளவுதான். நாலாவது பாட்டைச் சேர்க்க எல்லோரும் ஆசைப்படுவார்கள், சேர்க்காதீர்கள். தெரிந்த மூன்றையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு போகலாம், தெருவில் நிற்கிறவர்கள் ஒரு பாட்டைத்தான் கேட்பார்கள், அதற்குள் நீங்கள் கடந்துபோயிருப்பீர்கள். மழை வந்தால் என்ன செய்வது, கால் வலிக்கும் பிள்ளையை யார் கூட்டிவருவது, தண்ணீர் பாட்டில் யார் சுமப்பது என்று முதல் நாளே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

ஊர்வலம் முடிந்த அடுத்த வாரம்தான் எனக்கு மிகவும் பிடித்த வாரம். டிரம்மின் காதுகளைத் தளர்த்தி, குழல்களைத் துடைத்து, எந்த எண் யாரிடம் என்று நோட்டில் எழுதி, எல்லாவற்றையும் அலமாரியில் பூட்டுவோம். அப்போதே ஐந்தாம் வகுப்பு முடிக்கிற பிள்ளைகளை உட்காரவைத்து, செப்டம்பரில் வருகிற புதுப் பிள்ளைகளில் ஆளுக்கு இருவரை ஏற்றுக்கொள்வீர்களா என்று கேட்போம். பெரியவர்கள் சொல்லித்தருவதைவிடப் பன்னிரண்டு வயது அக்கா சொல்லித்தருவது சீக்கிரம் ஏறுகிறது. என் மகள் இப்போது மிடில் ஸ்கூலில், செவ்வாயும் வியாழனும் பஸ் பிடித்துப் பழைய பள்ளிக்கு வந்து, காலி சோடா பாட்டில்கள் நிறைந்த ஒரு பையோடு புதுப் பிள்ளைகளின் எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்காருகிறாள்.